லேப்டாப்பை ஆன் செய்ததும் வரும் கருப்பு மெனு: அவசரப்பட்டு 'பார்மட்' அடிக்காதீங்க!

உசிலம்பட்டி:

வீட்டில் இருக்கும் பழைய இலவச லேப்டாப்பை ஆன் செய்தால் நேராக விண்டோஸ் வருவது இல்லை. கருப்பு திரையில் நாலைந்து வரி ஆங்கிலம் வந்து நிற்கிறது. அம்புக்குறி கீயை அமுக்கி கீழே போய் விண்டோசை தேர்வு செய்ய வேண்டி இருக்கிறது. சும்மா விட்டால் சில நொடிகளில் வேறு ஏதோ புது மாதிரி திரை திறந்து கொள்கிறது. உசிலம்பட்டி, சேடபட்டி, எழுமலை, செல்லம்பட்டி பக்கம் மட்டும் அல்ல, தமிழகம் முழுக்க லட்சக்கணக்கான வீடுகள் பார்த்த திரை இது.

'வைரஸ் வந்துருச்சு' என்று பலர் பயந்து விடுகிறார்கள். இது வைரஸ் அல்ல. லேப்டாப் கெட்டுப்போனதற்கு அடையாளமும் அல்ல. ஆனால் இதை எடுக்கிறேன் என்று தெரியாமல் கை வைத்தால் விண்டோசும் திறக்காமல் போகும். அக்காள் பிளஸ்-2 படிக்கும்போது கிடைத்த லேப்டாப்பில் இன்று தம்பியின் ஐ.டி.ஐ. சான்றிதழ், அப்பாவின் பட்டா ஸ்கேன், கல்யாண போட்டோ எல்லாம் இருக்கிறது. மெனுவை எடுக்கப் போய் அதை எல்லாம் பறிகொடுத்த குடும்பங்கள் நிறைய. உண்மையில் மெனுவை எடுப்பதால் ஒரு பைல் கூட அழியாது. அழிவது எல்லாம் வரிசை மாறி செய்வதாலும், கடையில் 'பார்மட்' போடுவதாலும்தான்.

எப்படி வந்தது இந்த மெனு?

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி, அண்ணா பிறந்தநாள் அன்று, அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினி திட்டத்தை தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு எல்காட் நிறுவனம் மூலம் லேப்டாப் வாங்கி கொடுக்கப்பட்டது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் என்று திட்டமிடப்பட்டது. லெனோவா, ஏசர், எச்.சி.எல். போன்ற கம்பெனிகளின் லேப்டாப்கள் வந்தன.

அந்த லேப்டாப்களில் ஒரே ஹார்டு டிஸ்கில் 2 சிஸ்டம் போட்டு கொடுத்தார்கள். ஒன்று விண்டோஸ். ஆரம்பத்தில் விண்டோஸ்-7 ஸ்டார்ட்டர். இன்னொன்று 'பாஸ்' எனப்படும் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட லினக்ஸ். காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். தமிழ் உள்பட பல இந்திய மொழிகள் அதில் வரும்.

ஒரு லேப்டாப்பில் 2 சிஸ்டம் இருந்தால், ஆன் செய்யும்போது 'உனக்கு எது வேண்டும்?' என்று கேட்கத்தானே வேண்டும். அந்த கேள்விதான் இந்த மெனு. லேப்டாப் கொடுத்தார்கள். ஆனால் இந்த திரை எதற்கு என்று எத்தனை பேருக்கு புரியும்படி சொன்னார்கள் என்பது சந்தேகம்தான். அதனால் வீட்டுக்கு கொண்டு வந்த முதல் நாளே பல பேர் பயந்தார்கள்.

பிறகு அந்த வினியோகம் நின்றாலும் கொடுத்த லேப்டாப்கள் வீட்டை விட்டு போகவில்லை. பேட்டரி செத்தாலும் சார்ஜரை மாட்டியபடியே ஓட்டுகிறார்கள்.

மெனு யாருடையது?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் கருப்பு திரைதான். ஆனால் மெனுவில் 2 ரகம் உண்டு. எந்த ரகம் என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது.

முதல் ரகம் விண்டோசே காட்டும் மெனு. திரையின் மேலே 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஆங்கிலத்தில் எழுதி இருக்கும். கீழே 30-ல் இருந்து எண் குறைந்து கொண்டே வரும். விண்டோஸ்-10, 11 என்றால் நீல திரையாக இருக்கும். கடையில் பழைய விண்டோசை அழிக்காமல் 'டி' டிரைவில் இன்னொரு விண்டோசை போட்டு கொடுத்தால் இந்த மெனு வரும். 'விண்டோஸ்-7', மறுபடி 'விண்டோஸ்-7' என்று ஒரே பெயர் 2 தடவை நிற்பது இதனால்தான். பாதியில் மின்சாரம் போய் விண்டோஸ் ஏற்றுவது நின்று போனாலும் ஒரு வேண்டாத வரி மெனுவில் ஒட்டிக் கொள்ளும்.

இரண்டாவது ரகம் லினக்ஸ் காட்டும் மெனு. இதற்கு 'கிரப்' என்று பெயர். திரையின் உச்சியில் 'ஜி.என்.யூ. கிரப்' என்று எழுதி பக்கத்தில் ஒரு எண் இருக்கும். வழக்கமாக பாஸ் மேலே, விண்டோஸ் கடைசியில். எந்த கீயும் அமுக்கா விட்டால் மேலே இருப்பதை தானாக எடுத்துக் கொள்ளும். இலவச லேப்டாப்பில் வருவது பெரும்பாலும் இதுதான்.

விண்டோஸ் மெனு என்றால் 2 நிமிட வேலை

முதலில் சுலபமானதை பார்த்து விடுவோம். விண்டோசுக்குள் போய் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, தேடும் கட்டத்தில் எம், எஸ், சி, ஓ, என், எப், ஐ, ஜி என்ற 8 ஆங்கில எழுத்தையும் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் 'பூட்' என்ற பக்கத்தை கிளிக் செய்தால், மெனுவில் வரும் விண்டோஸ் பெயர்கள் வரிசையாக இருக்கும்.

எந்த பெயருக்கு பக்கத்தில் 'கரண்ட் ஓ.எஸ்.' என்று எழுதி இருக்கிறதோ அதுதான் நீங்கள் இப்போது ஓட்டிக் கொண்டு இருப்பது. அதை தொடவே கூடாது. மற்றதை தேர்வு செய்து 'டெலிட்' கொடுத்து, அப்ளை, ஓ.கே. தட்டி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. பட்டியலில் ஒரே பெயர் மிச்சம் இருந்தால் மெனுவே வராது. நேராக விண்டோஸ் திறக்கும்.

மெனு இருக்கட்டும், காத்திருப்பதுதான் தொல்லை என்றால் அதே பக்கத்தில் 'டைம்அவுட்' கட்டத்தில் 30 என்று இருப்பதை 3 ஆக்கி விடலாம். 3-க்கு கீழே அது ஏற்காது.

ஒரு எச்சரிக்கை. மெனுவில் பெயரை எடுப்பது வேறு, டிரைவை அழிப்பது வேறு. 'பழைய விண்டோசின் பெயர் போச்சே, அந்த டிரைவையும் காலி செய்வோம்' என்று பார்மட் கொடுத்து விடாதீர்கள். புது விண்டோஸ் 'டி' டிரைவில் இருந்தாலும், அதை எழுப்பி விடும் பைல்கள் பழைய டிரைவில்தான் பல நேரம் இருக்கும். பழையதை அழித்தால் புதியதும் எழாது.

விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடும் பழைய டெஸ்க்டாப்பிலும் இதே 8 எழுத்துதான். அங்கே 'பூட் டாட் ஐ.என்.ஐ.' என்ற பக்கத்தில் 'செக் ஆல் பூட் பாத்ஸ்' என்ற பட்டனை அமுக்கினால், எந்த வரி வெறும் பெயரளவில் நிற்கிறது என்று அதுவே கண்டுபிடித்து எடுத்து விடவா என்று கேட்கும்.

'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்று விட்டால்...

இனி இரண்டாவது ரகம். இலவச லேப்டாப் வைத்து இருப்பவர்கள் மாட்டிக் கொள்வது இதில்தான்.

ஒரு காம்பவுண்டுக்குள் 2 வீடு. தெருவுக்கு ஒரே கேட். கேட் சாவி பின் வீட்டுக்காரரிடம். முன் வீட்டுக்கு போகும் ஆளும் அவரை கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாஸ் லினக்ஸ் பின் வீடு, விண்டோஸ் முன் வீடு, கிரப் அந்த சாவிக்காரர். ஹார்டு டிஸ்கின் முதல் 512 பைட் இடத்துக்கு எம்.பி.ஆர். என்று பெயர். லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் படிப்பது அந்த இடத்தைத்தான். கிரப்பின் முதல் துண்டு அங்கே இருக்கிறது. ஆனால் அதன் மீதி பைல்கள் எல்லாம் பாஸ் இருக்கும் பகுதியில் இருக்கின்றன.

இப்போது வழக்கமாக நடக்கும் கதையை பாருங்கள். விவரம் தெரிந்த பையன் ஒருவன் 'மை கம்ப்யூட்டர்' மேல் ரைட் கிளிக் செய்து, 'மேனேஜ்', 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று போகிறான். அங்கே பெயரும் இல்லாமல் 'சி', 'டி' என்ற எழுத்தும் இல்லாமல் ஒரு பகுதி கிடக்கிறது. 'இதுதான் லினக்ஸ், தூக்கிட்டா மெனு போயிரும், இடமும் கிடைக்கும்' என்று அதை அழித்து விட்டு ரீஸ்டார்ட் கொடுக்கிறான்.

சாவிக்காரர் வீட்டை இடித்தால் கேட் எப்படி திறக்கும்? கருப்பு திரையில் 'எரர்' என்று ஒரு வரி. அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதி, பக்கத்தில் கோடு மின்னிக் கொண்டு நிற்கும். மெனுவும் போச்சு, விண்டோசும் திறக்கவில்லை.

அம்மா லேப்டாப்பை பையில் போட்டுக்கொண்டு கடைக்கு போவார். "தம்பி, ஓடவே மாட்டேங்குதுப்பா" என்பார். "ஹார்டு டிஸ்க் போயிருச்சுக்கா, பார்மட் அடிச்சாத்தான் வரும்" என்று பதில் வரும். எல்லா கடையும் அப்படி அல்ல. ஆனால் பார்மட் போடுவது சுலபம், யோசிக்க வேண்டியது இல்லை. 300-ஓ 500-ஓ கொடுத்து விட்டு வீட்டுக்கு வந்தால் விண்டோஸ் பளிச்சென்று இருக்கும். போட்டோவும் சான்றிதழும் இருக்காது.

ஹார்டு டிஸ்க் போகவே இல்லை என்பதுதான் உண்மை. முன் வீடு அப்படியேதான் இருக்கிறது. கேட் மட்டும்தான் பூட்டி இருக்கிறது. அதை திறக்க ஒரே ஒரு கட்டளை போதும்.

விண்டோஸ் டி.வி.டி. அல்லது பென் டிரைவை போட்டு லேப்டாப்பை ஆன் செய்ய வேண்டும். மொழி கேட்கும் திரை தாண்டியதும் 'இன்ஸ்டால்' என்ற பெரிய பட்டன் வரும். அதை அமுக்கக்கூடாது. அதற்கு கீழே மூலையில் சின்னதாக 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' என்று இருக்கும். அதற்குள் போய் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்பதை திறந்தால் கருப்பு ஜன்னல் வரும். அதில் பி, ஓ, ஓ, டி, ஆர், இ, சி என்று 7 எழுத்து. ஒரு இடைவெளி. கேள்விக்குறி இருக்கும் கீயில் கீழே உள்ள சாய்ந்த கோடு. அதை ஒட்டி எப், ஐ, எக்ஸ், எம், பி, ஆர் என்று 6 எழுத்து. என்டர் தட்டினால் வேலை நல்லபடியாக முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். டி.வி.டி.யை எடுத்து விட்டு ரீஸ்டார்ட் செய்தால், பழைய விண்டோஸ், பழைய போட்டோ, பழைய பைல் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்.

இதை நீங்களே செய்ய தைரியம் இல்லை என்றால் கடைக்கே கொண்டு போங்கள். ஆனால் "தம்பி, பார்மட் வேண்டாம், எம்.பி.ஆர். மட்டும் சரி பண்ணி குடுங்க" என்று முதலிலேயே சொல்லி விடுங்கள். வேலை தெரிந்தவர் என்றால் 10 நிமிடத்தில் முடித்து கொடுப்பார். அப்படியும் பார்மட்தான் என்று அடம்பிடித்தால், ஹார்டு டிஸ்கை கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி பைல்களை எடுத்த பிறகு செய்ய சொல்லலாம். அதற்கும் ஒத்து வரவில்லை என்றால் உசிலம்பட்டியில் வேறு கடையா இல்லை?

சரியான வரிசை எது?

இன்னும் அழிக்காதவர்களுக்குத்தான் இது. முதலில் முக்கிய பைல்களை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொள்ளுங்கள். பிறகு, பாஸ் பகுதியை தொடாமல், மேலே சொன்ன அதே எம்.பி.ஆர். கட்டளையை முதலில் கொடுக்க வேண்டும். அதாவது சாவியை வாங்கிய பிறகுதான் வீட்டை இடிக்க வேண்டும்.

விண்டோஸ்-10 என்றால் டி.வி.டி. கூட வேண்டாம். ஷிப்ட் கீயை அமுக்கி பிடித்துக் கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீல திரை வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போனால் கமாண்ட் பிராம்ப்ட் இருக்கும். விண்டோஸ்-7 என்றால் மெனுவில் விண்டோசை தேர்வு செய்த உடனே எப்-8 கீயை தட்டிக் கொண்டே இருந்தால் 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்' வரும். சில லேப்டாப்பில் அந்த வசதி அழிந்து போய் இருக்கும். அப்போது டி.வி.டி.தான் வழி.

கட்டளை கொடுத்த பிறகு கிரப் மெனு வராது. பாஸ் உள்ளே இருந்தாலும் வெளியே தெரியாது. 2, 3 நாள் ஆன் செய்து ஆப் செய்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதன்பின் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் அந்த பகுதியை அழிக்கலாம். அப்போதும் கவனம் தேவை. 100 எம்.பி. அளவில் 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்று ஒரு குட்டி பகுதி இருக்கும். அது விண்டோசின் சொத்து. 'ரிக்கவரி' என்று எழுதி இருப்பதும் அப்படியே. இவற்றை லினக்ஸ் என்று நினைத்து தூக்கி விட்டால் மறுபடியும் முதலில் இருந்து கஷ்டம்தான்.

பாசை அழிக்கத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை யோசிப்பதும் நல்லது. விண்டோஸ்-7-க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ந்தேதியுடன் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தி விட்டது. விண்டோஸ்-10-க்கும் 2025 அக்டோபர் 14-ந்தேதியுடன் வழக்கமான ஆதரவு முடிந்தது. 2014-ல் எக்ஸ்.பி.க்கு இதே நிலை வந்தபோது தமிழக அரசே தன் துறைகளை பாஸ் லினக்ஸ் போட்டுக் கொள்ள அறிவுறுத்தியது. விண்டோசில் வைரஸ் புகுந்து திறக்காமல் போனால், பாஸ் வழியாக உள்ளே போய் பைல்களை பென் டிரைவில் எடுத்து விடலாம். அந்த ஒரு உதவிக்காகவே அதை விட்டு வைப்பவர்கள் உண்டு. மெனு வரும் நேரத்தை மட்டும் 3 நொடியாக குறைத்து, விண்டோசை தானாக எடுக்கும்படி மாற்றவும் வழி இருக்கிறது. பாசுக்குள் போய் கிரப் செட்டிங் பைலில் 2 வரியை திருத்தி 'அப்டேட்-கிரப்' என்ற கட்டளையை கொடுக்க வேண்டும். லினக்ஸ் தெரிந்த கல்லூரி பையன் யாராவது இருந்தால் 5 நிமிட வேலை.

புது லேப்டாப் என்றால் வழி வேறு

மேலே சொன்ன எம்.பி.ஆர். கட்டளை பழைய முறையில் ஓடும் லேப்டாப்புக்குத்தான் பொருந்தும். சமீப ஆண்டுகளில் வந்தவை 'யு.இ.எப்.ஐ.' என்ற புது முறையில் ஓடுகின்றன. அவற்றில் இந்த கட்டளையை கொடுத்தால் பலன் இல்லை. உங்கள் லேப்டாப் எந்த முறை என்று பார்க்க, விண்டோஸ்-10, 11-ல் எம், எஸ், ஐ, என், எப், ஓ என்று அடித்து பக்கத்திலேயே 32 என்று போட்டு என்டர் தட்டுங்கள். வரும் பட்டியலில் 'பயாஸ் மோட்' என்ற வரி இருக்கும். 'லெகசி' என்று இருந்தால் பழைய முறை.

புது முறையில் வேலை இன்னும் சுலபம். கேட் ஒன்று அல்ல, ஆளுக்கு ஒரு கேட். எந்த கேட்டை முதலில் திறப்பது என்று லேப்டாப்புக்கு சொன்னால் போதும். ஆன் செய்த உடனே எப்-2 அல்லது டெலிட் கீயை தட்டி (கம்பெனிக்கு கம்பெனி மாறும்) பயாஸ் திரைக்குள் போய், 'பூட்' பகுதியில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை பட்டியலின் உச்சிக்கு நகர்த்தி, எப்-10 தட்டி சேமிக்க வேண்டும். எதையும் அழிக்காமலே கிரப் மெனு மறைந்து விடும். இந்த வகை லேப்டாப்பில் 'இ.எப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று ஒரு சின்ன பகுதி இருக்கும். எல்லா கேட்டுகளும் அதில்தான் இருக்கின்றன. அதை மட்டும் அழிக்கவே கூடாது.

2025 மார்ச் பட்ஜெட்டில், 2 ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவ-மாணவிகளுக்கு கையடக்க கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என தமிழக அரசு அறிவித்தது. அப்படி வீட்டுக்கு வரும் புது லேப்டாப் எதுவானாலும் பயாசில் கை வைக்கும் முன் ஒன்றை கவனிக்க வேண்டும். விண்டோஸ்-11 லேப்டாப் பலவற்றில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு தானாகவே போட்டு இருக்கும். பூட் வரிசையை மாற்றினால் அது சந்தேகப்பட்டு 48 இலக்க எண்ணை கேட்கலாம். அந்த எண், லேப்டாப்பை முதன்முதலில் திறந்தபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகி இருக்கும். அந்த கணக்கின் இ-மெயிலும் பாஸ்வேர்டும் யாரிடம் இருக்கிறது, கல்லூரி போகும் பிள்ளையிடமா அல்லது அன்றைக்கு திறந்து கொடுத்த கடைக்காரரிடமா என்று முதலில் கேட்டு, அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கொண்டு அதன்பிறகு பயாசுக்குள் போகலாம்.